விற்கும் போர்வையும் விற்காத போர்வையும்

இந்தியாவின் மேற்கு எல்லையில், பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தை ஒட்டிக் கிடக்கிறது கச்சு. குஜராத் மாநிலத்தைச் சேர்ந்த இது பரப்பளவில் இந்தியாவின் மிகப் பெரிய மாவட்டம்: 45,674 சதுர கிலோமீற்றர். எங்கள் இலங்கை முழுவதும் சேர்ந்தாலே 65,610 சதுர கிலோமீற்றர்தான். ஆனால் கச்சின் பெரும் பகுதி உப்பு வெளியும் முட்காடும். மழைக்காலத்தில் அந்த வெளியில் தண்ணீர் ஏறி நிற்கும். மழை ஓய்ந்து வெயில் எறிக்கத் தொடங்கியதும் தண்ணீர் வற்றி, கண்ணுக்கெட்டிய தூரம் உப்புப் பூத்துக் கிடக்கும். ஆனையிறவு உப்பளத்தைப் பார்த்தவர்கள், அது வானம் முட்டும் வரை நீண்டு கிடப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். அந்த வெளியை அங்குள்ளவர்கள் 'ரண்' என்கிறார்கள்.

இந்த உப்பு வெளியின் ஓரத்து ஊர்களில் இருக்கும் பெண்களின் ஊசி வேலை உலகெங்கும் பேர் பெற்றது. 2024ஆம் ஆண்டு தை மாதம் நானும் எங்கள் தையல் குழுவைச் சேர்ந்த ஓர் அக்காவும் அங்கே போய் எட்டு நாட்கள் தங்கினோம். பயணச் செலவை ஓர் உதவி நிறுவனம் தந்தது. தையல் பழகுவதற்காக நாங்கள் போகவில்லை. தையல் எங்களுக்குத் தெரியும். மட்டக்களப்பில் 2004 சுனாமிக்குப் பிறகும், 2009இல் யுத்தம் முடிந்த பிறகும் தையல் மெசின் வந்து இறங்காத கிராமம் குறைவு. மூன்று மாதப் பயிற்சி, ஒரு சான்றிதழ், ஒரு மெசின், அத்தோடு சரி. இப்போது எத்தனையோ வீடுகளில் அந்த மெசின்கள் மேலே துணி விரித்து, பிள்ளைகளின் புத்தகம் வைக்கும் மேசைகளாக நிற்கின்றன. தைத்ததை எங்கே விற்பது, சந்தைக்கு எதைக் கொண்டு போவது, எதை வீட்டில் விட்டுவிட்டுப் போவது என்று சொல்லித் தருவார் இல்லை.

அந்த வருடம் சித்திரையில் கொழும்பில் நடக்கவிருந்த ஒரு கைப்பணிச் சந்தையில் எங்களுக்கு இரண்டு நாளைக்கு ஒரு மேசை கிடைத்திருந்தது. வாடகையும் கட்டியாயிற்று. ஆறடி நீள மேசை. அதில் எதை வைப்பது? இருபத்திரண்டு பெண்களின் ஒன்றரை மாத உழைப்பு அந்தக் கேள்வியில் தொங்கிக்கொண்டிருந்தது.

புஜ் நகரில் இறங்கினோம்

மட்டக்களப்பிலிருந்து இரவுப் புகையிரதம், கொழும்பிலிருந்து சென்னைக்கு விமானம், சென்னையிலிருந்து அகமதாபாத் வரை ஒன்றரை நாள் ரயில், அங்கிருந்து இன்னுமோர் இரவு ரயில். கச்சின் தலைநகரான புஜ்ஜில் இறங்கும்போது இன்னும் விடியவில்லை. தை மாதத்து விடிகாலையில் அங்கே குளிர் சில நாட்களில் 10 பாகைக்கும் கீழே இறங்கும். நிலையத்து வாசலில் இஞ்சி தட்டிப் போட்ட தேநீரைச் சின்னக் கோப்பையில் வாங்கிக் குடித்தோம். அக்கா சேலைத் தலைப்பை இரண்டாக மடித்துப் போர்த்திக்கொண்டு, "இவ்வளவு குளிருக்குள்ள இருக்கிற சனம் போர்வை தைக்காம வேறென்ன தைக்கும்?" என்றார்.

அவர் சொன்னது சரிதான். கச்சிலும் எல்லைக்கு அப்பால் சிந்துவிலும் பழைய துணிகளை அடுக்கடுக்காக வைத்து, மேலே துண்டுத் துணிகளால் கோலம் அமைத்து, முழுவதும் நெருக்கமாக நூலோட்டுத் தையல் போட்டுப் போர்வை செய்வார்கள். கச்சில் இதற்குத் 'தட்கி' என்று பெயர். சிந்துவில் 'ரல்லி' என்பார்கள். வங்காளத்தில் 'காந்தா' என்பதும் பழைய சேலைகளை அடுக்கித் தைப்பதுதான். பெயர் வேறு, வேலை ஒன்று. கிழிந்த துணியை எறிய மனமில்லாத பெண்கள் இருக்கும் இடமெல்லாம் இந்த வேலை இருக்கிறது.

புஜ் நகரில் பழைய கட்டிடங்கள் குறைவு. காரணம் கேட்கத் தேவையில்லை. 2001 ஜனவரி 26, காலை 8.46 மணி. இந்தியாவின் குடியரசு தினம். பிள்ளைகள் கொடியேற்றத்துக்குப் போயிருந்த நேரத்தில் பூமி நடுங்கியது. இறந்தவர்களின் தொகை 20,000 வரை இருக்கும் என்று கணக்கிடப்பட்டது. நகரின் ஓரத்தில் உள்ள புஜியா மலையில் 2022இல் ஒரு நினைவிடம் திறந்திருக்கிறார்கள். 'ஸ்ம்ருதிவன்' என்று பெயர். நினைவுக் காடு என்பது பொருள். இறந்தவர்களின் பெயர்களை அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அக்கா குஜராத்தி எழுத்துத் தெரியாமலே ஒவ்வொரு பலகையாக விரலால் தடவிக்கொண்டு நடந்தார். நான் அவரை அவசரப்படுத்தவில்லை.

இனாம் வேண்டாம் என்ற பெண்கள்

கச்சில் பெண்களின் பெயரோடு 'பென்' என்று சேர்த்து அழைப்பார்கள். சகோதரி என்று அர்த்தம். எங்கள் காதுக்கு அது 'பெண்' என்றே கேட்டது. சந்தாபென் ஷ்ரோஃப் என்ற பெயரை அங்கே பூவேலை செய்யும் இடங்களில் எல்லாம் சொல்கிறார்கள். 1969இல் கச்சில் கடும் வரட்சி. நிவாரண வேலைக்காக மும்பையிலிருந்து வந்த சந்தாபென், தனேட்டி என்ற ஊருக்குப் போனார். அந்த ஊர்ப் பெண்கள் இலவசமாகக் கொடுத்ததை வாங்க விரும்பவில்லை. உழைத்து உண்ணவே விரும்பினார்கள். அவர்கள் உடுத்தியிருந்த துணிகளில் இருந்த பூவேலையைப் பார்த்த சந்தாபென், முப்பது சேலைகளில் அதே வேலையைச் செய்து தரும்படி கேட்டார். அவை மும்பையில் விற்றுப் போயின. 'ஸ்ருஜன்' என்ற நிறுவனம் அப்படித்தான் தொடங்கியது. 2006இல் அவருக்கு ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 2016இல் காலமானார்.

அதே 2016இல் ஸ்ருஜன் சார்பில் அஜ்ரக்பூரில் திறந்த அருங்காட்சியகத்துக்குப் போனோம். அஜ்ரக்பூருக்கும் ஒரு கதை உண்டு. தமட்கா என்ற ஊரில் இருந்த துணி அச்சுக்காரர்களுக்கு, பூகம்பத்தின் பிறகு கிணற்று நீர் மாறிப் போயிற்று. நீரில் இரும்பு கூடியதால் சாயம் சரியாகப் பிடிக்கவில்லை. அவர்களில் பல குடும்பங்கள் எழுந்து வந்து புதிதாக அமைத்த ஊர் அஜ்ரக்பூர். அங்கே வெவ்வேறு சமூகத்துப் பெண்களின் தையல்களைப் பெரிய துணிப் பலகைகளில் தைத்து வைத்திருக்கிறார்கள். முன்பு அத்தகைய பலகைகளை ஊர்தியில் ஏற்றி ஊரூராகக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். பாட்டிக்குத் தெரிந்த தையலைப் பேத்தி மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

முகாமின் பெயரே ஊரின் பெயர்

சகோதரிகளே, நான் எழுத வந்ததில் முக்கியமான பகுதி இதுதான். புஜ்ஜிலிருந்து வடக்கே 25 கிலோமீற்றர் அளவில் சும்ராசர் என்ற ஊர் இருக்கிறது. வழியெல்லாம் ஒரே முள்மரம். அதை அவர்கள் 'கண்டோ பாவல்' என்கிறார்கள். பைத்தியக்கார வேலமரம் என்று அர்த்தமாம். சும்ராசரில் இருக்கும் தையற்காரிகளில் பலர் அகதிகளாக வந்தவர்கள். 1971இல் இந்தியாவும் பாகிஸ்தானும் யுத்தம் செய்தபோது சிந்துவின் தார்பார்க்கர் பகுதியிலிருந்து சோடா, மேக்வால் சமூகத்துக் குடும்பங்கள் எல்லை கடந்து வந்தன. பல வருடம் முகாமில் இருந்தார்கள். குடியுரிமை கிடைக்கவும் வருடங்கள் சென்றன. இன்றும் ஜுரா கேம்ப் என்று, முகாமின் பெயரையே சுமந்துகொண்டு ஓர் ஊர் அங்கே இருக்கிறது.

அவர்கள் கொண்டு வந்த தையலுக்கு 'சூஃப்' என்று பெயர். முக்கோணம் முக்கோணமாக அமையும். துணியில் கோடு கீறுவதில்லை. நெசவின் இழைகளை எண்ணி, துணியின் பின்பக்கத்திலிருந்து தைப்பார்கள். முன்பக்கத்தில் கோலம் தானாக எழும்பி வரும். ஓர் இழை பிசகினால் முழுக் கோலமும் கோணும். கண் கூர்மையும் பொறுமையும் இருந்தால்தான் முடியும்.

எங்களுக்கு மொழிபெயர்த்த கல்லூரிப் பிள்ளை, ஓர் அம்மாவின் வீட்டுக்குக் கூட்டிப் போனாள். வந்தவர்களுக்கு முதலில் கட்டிலில் போர்வை விரித்து இருக்கச் சொல்வதுதான் அங்கே மரியாதை. சுவரோரம் ஆளுயரத்துக்குப் போர்வைகள் மடித்து அடுக்கியிருந்தன. 1971இல் அந்த அம்மாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒட்டகத்தின் மேல் தாயாரோடு வந்தாராம். பாத்திரங்களைப் போர்வைக்குள் சுற்றிக் கட்டிக் கொண்டு வந்திருக்கிறார்கள். அந்தப் போர்வை இன்னும் இருக்கிறதா என்று அக்கா கேட்டார். அடுக்கின் ஆகக் கீழே இருந்து உருவி எடுத்தார். சிவப்பு மங்கி மண்ணிறமாகிவிட்டது. ஓரங்களில் வேறு துணி வைத்துத் தைத்திருந்தார். "எவ்வளவுக்குத் தருவீங்க என்று எத்தனையோ பேர் கேட்டுவிட்டார்கள். இதைப் பார்த்து வேறு ஒன்று தைத்துத் தருவேன், இதைத் தரமாட்டேன் என்று சொல்லிவிடுவேன்" என்று அந்த அம்மா சொன்னதாகப் பிள்ளை மொழிபெயர்த்தாள்.

அந்தப் பழக்கத்தையே முறையாகச் செய்கிறது அதே ஊரில் உள்ள 'கலா ரக்ஷா' என்ற அமைப்பு. 1993இல் தொடங்கியது. பழைய தையல் வேலைகளைச் சேர்த்து ஊரிலேயே ஓர் அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள். விற்பனைக்குப் புதிதாகத் தைக்கும் பெண்கள் அங்கே போய்ப் பழையதைப் பார்த்து, அளந்து, எண்ணி, அதிலிருந்து புதியதை உண்டாக்குகிறார்கள். பழையது போகவில்லை, புதியது விற்கிறது. இதைக் கேட்டபோது நான் குறிப்புப் புத்தகத்தில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டுக்கொண்டேன்.

பின்பக்கத்திலிருந்து பார்ப்பார்கள்

ஐந்தாம் நாள், புஜ்ஜுக்குப் பக்கத்தில் ஒரு மகளிர் குழு சந்தைக்குச் சாமான் தெரிவு செய்யும் நாள் என்று அழைத்தார்கள். விறாந்தையில் பாய் விரித்து ஐந்து பெண்கள் வட்டமாக இருந்தார்கள். கொண்டுவந்த ஒவ்வொரு பொருளிலும் ஓர் இலக்கச் சீட்டுக் குத்தியிருந்தது. யாருடையது என்பது கொப்பியில் மட்டும்தான் இருக்கும். கொப்பி உள்ளே பெட்டியில். சொந்தக்காரி, பக்கத்து வீட்டுக்காரி, பாவப்பட்டவள் என்ற யோசனை தெரிவின்போது வரக் கூடாதாம்.

அவர்கள் பார்த்த விதத்தை நான் அப்படியே எழுதுகிறேன். எங்கள் வாசகிகளில் பலர் தைத்து விற்பவர்கள். பயன்படும்.

முதலில் பொருளைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்க்கிறார்கள். முடிச்சுகள் தொங்குகின்றனவா, நூல் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நீளமாகத் தாவியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். பிறகு வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, துணி நைந்த இடம், ஊசி இழுத்த ஓட்டை பார்க்கிறார்கள். மூட்டுத் தையலை இரு பெருவிரலாலும் பிடித்து இழுக்கிறார்கள். வெள்ளைத் துணியை நனைத்து, கடும் சிவப்பு, கடும் நீலத் துண்டுகளின் மேல் தேய்க்கிறார்கள். வெள்ளையில் சாயம் ஏறினால் அந்தப் பொருள் எவ்வளவு அழகானாலும் போகாது. ஒரு முறை கழுவியதும் வாங்கியவரின் வெள்ளைத் துணியெல்லாம் சிவந்துவிடும். அந்த வீட்டார் மறுபடி எங்கள் பக்கம் வரமாட்டார்கள்.

போர்வை என்றால் இன்னும் சில சோதனைகள். உள்ளே பஞ்சு வைத்திருந்தால், தையல் வரிகளுக்கிடையில் அதிக இடைவெளி இருக்கக் கூடாது. இருந்தால் கழுவும்போது பஞ்சு ஒரு பக்கம் திரண்டுவிடும். பருத்தித் துண்டும் நைலெக்ஸ் துண்டும் கலந்திருக்கக் கூடாது. ஒன்று சுருங்கும், மற்றது சுருங்காது, போர்வை அப்பளம் போல நெளியும். புதுத் துணியென்றால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்ததா என்று கேட்கிறார்கள். முழுவதும் உள்ளங்கையால் தடவி, குண்டூசி மறந்துபோய் உள்ளே கிடக்கிறதா என்று பார்க்கிறார்கள். மூக்கில் வைத்து மணந்து பார்க்கிறார்கள். அடுப்புப் புகை, பூஞ்சணம் மணந்தால் மறுபடி கழுவி வெயிலில் போட வேண்டும். கடைசியாக அளவுத் தடி. கட்டிலுக்குப் பொருந்தாத போர்வையும், சோடி சேராத தலையணை உறையும் விற்காது.

இப்படிப் பார்த்து மூன்று குவியலாகப் பிரித்தார்கள். போவது, திருத்தி வருவது, போகாதது. திருத்தி வரவேண்டியதில் சோக்கட்டியால் அடையாளம் போட்டு, காரணத்தை எழுதிக் குத்தினார்கள். போகாதவற்றின் சொந்தக்காரியைப் பிறகு தனியாகக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்திக் காரணம் சொன்னார்கள். எல்லோருக்கும் முன்னால் யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

குழுத் தலைவி எங்களுக்கு இன்னொன்றும் சொன்னார். பெரிய போர்வை ஆட்களை மேசைக்குக் கூட்டி வரும். ஆனால் வந்தவர்களில் அதிகமானோர் வாங்குவது கைக்கடக்கமான பணப்பை, கண்ணாடிக் கூடு, ஊசிப் பை போன்றவற்றைத்தான். தூரத்திலிருந்து வருபவர்களின் பெட்டியில் இடம் இருக்காது. ஆகவே ஒரு போர்வைக்குப் பத்துச் சிறு பொருள் என்ற கணக்கில் அவர்கள் கட்டுகிறார்கள்.

மெசினோடு போட்டி

அவர்கள் போகும் சந்தை தோர்டோவில். புஜ்ஜிலிருந்து வடக்கே ஏறக்குறைய 80 கிலோமீற்றர். உப்பு வெளியின் ஓரத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் 'ரண் உற்சவம்' என்று கூடாரங்கள் அடித்துப் பெரிய விழா நடக்கிறது. 2023இல் ஐக்கிய நாடுகளின் சுற்றுலா அமைப்பு தோர்டோவைச் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தெரிவு செய்தது. நாங்களும் ஒரு நாள் போனோம். கடைக்குக் கடை பூவேலைப் பைகள். பாதிக்கு மேல் மெசின் வேலை. கைவேலையின் கால் விலைக்குக் கிடைக்கிறது. அக்கா ஒவ்வொரு பையாகத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மெசின் வேலையின் பின்பக்கத்தில் ஒரே நிறத்து அடிநூல் சீராக ஓடியிருக்கும். கைவேலையின் பின்பக்கத்தில் முன்பக்கத்து நிறங்களே தெரியும், தொடங்கிய இடமும் முடித்த இடமும் தெரியும். வாங்குபவருக்கு அதைத் திருப்பிக் காட்டத் தெரிந்த பெண்ணின் கடையில்தான் கைவேலை விற்றது.

மெசினோடு விலையில் போட்டியிட முடியாது என்பதற்கு கச்சிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. டேபரியா ரபாரி என்னும் ஆடுமாடு மேய்க்கும் சமூகத்தில், பெண் தன் சீதனத் துணிகள் முழுவதையும் பூவேலை செய்து முடித்த பிறகே கணவன் வீட்டுக்குப் போகலாம் என்ற வழக்கம் இருந்தது. முடிக்க வருடக்கணக்கானது. 1995இல் அச்சமூகத்துப் பெரியவர்கள் பூவேலை செய்வதையே தடை செய்துவிட்டார்கள். பெண்கள் ஊசியைக் கீழே வைத்துவிடவில்லை. கடையில் கிடைக்கும் நாடாக்களையும் கரைகளையும் மெசினில் வைத்துத் தைத்துப் புதிய மாதிரி ஒன்றை உண்டாக்கினார்கள். அந்தச் சமூகத்தைச் சேர்ந்த பாபிபென் ரபாரி அந்த வேலையைப் பைகளில் செய்து விற்று இந்தியா முழுவதும் பேர் எடுத்திருக்கிறார். எல்லாப் பொருளிலும் எல்லா உழைப்பையும் கொட்டத் தேவையில்லை. எதில் கொட்டுவது, எதில் சுருக்குவது என்று தெரிந்திருக்க வேண்டும்.

எங்கள் மேசைக்கு வந்தவை

ஊருக்கு வந்ததும், மாசி மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் குழு கூடியது. வாகரைப் பக்கத்திலிருந்தும் படுவான்கரையிலிருந்தும் வந்தார்கள். முன்பெல்லாம் படுவான்கரையிலிருந்து வர மண்முனையில் பாதைக்காகக் காத்திருக்க வேண்டும். 2014இல் பாலம் திறந்த பிறகு அந்தக் கரைச்சல் இல்லை. இலக்கச் சீட்டு, வெள்ளைத் துணி, அளவுத் தடி, கொப்பி எல்லாம் ஆயத்தம். மருதமுனைக் கைத்தறித் துண்டுகளை நிறைக்கு வாங்கித் தைத்த பைகள், கதிரை விரிப்புகள், பானை பிடிக்கும் துணிகள், பிள்ளைப் போர்வைகள் என்று 71 பொருட்கள் வந்தன. 40 போவது, 19 திருத்தி வருவது, 12 போகாதது.

விலையும் அன்றே போட்டோம். இதிலும் கலா ரக்ஷா வழியைப் பின்பற்றினோம். அங்கே தைப்பவர்களே கூடித்தான் விலை தீர்மானிக்கிறார்கள். ஒரு தோள்பைக்குத் துணி 250 ரூபாய், நூலும் சிப்பும் 200, ஐந்து மணித்தியாலம் 200 ரூபாய்ப்படி 1,000, போக்குவரத்தும் மேசை வாடகையும் 150. கூட்டினால் 1,600. 2,000க்கு விற்றால் 400 குழுவின் நிதிக்கு. தன் நேரத்துக்கு விலை போடும்போது எங்கள் பெண்களில் பலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். "வீட்டில சும்மா இருந்து தைக்கிறதுதானே" என்றாள் ஒரு தங்கச்சி. சோறு ஆக்கி, பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பி, ஆடு கட்டி, இரவு லாம்பு வெளிச்சத்தில் தைப்பது சும்மா இருப்பதா என்று கேட்டேன். கொப்பியில் அவளது மணித்தியாலங்களையும் எழுதினோம்.

நாற்பத்தாறாம் இலக்கம் ஒரு பெரிய போர்வை. திருப்பிப் பார்த்தோம், இழுத்துப் பார்த்தோம், தேய்த்துப் பார்த்தோம். எந்தக் குறையும் இல்லை. அங்குலத்துக்கு எட்டுத் தையல், எல்லாம் கைத் தையல். நட்சத்திரம் போல விரிந்த கோலம். மேசையில் விரித்தால் சந்தையே திரும்பிப் பார்க்கும். ஆனால் துண்டுகள் புதியவை இல்லை. நரைத்த நீலச் சாரம், பழைய சேலைக் கரை, வெள்ளைப் பாடசாலைச் சீருடை. கொப்பியைத் திறக்காமலே யாருடையது என்று எல்லோருக்கும் விளங்கிவிட்டது.

வாகரைப் பக்கத்து அக்கா. 2007 தையில் அங்கிருந்து இடம்பெயர்ந்து, முகாமில் இருந்த மாதங்களில் தைத்தது. சேலை அவரது தாயாருடையது. சாரம் வீட்டுக்காரருடையது. அந்த இடப்பெயர்வுக்குப் பிறகு அவரைப் பற்றி ஒரு செய்தியும் இல்லை.

"இத முன்னுக்கு வையுங்க தங்கச்சி. நல்ல விலைக்குப் போகும். செவ்வாய்க்கிழமை லோன் கட்டணும்" என்றார்.

கூட்டத்தில் இரண்டு பக்கமும் பேசினார்கள். அவருடைய பொருள், அவருக்குக் காசு தேவை, வேண்டாம் என்று சொல்ல நாங்கள் யார் என்றார் ஒருவர். அது நியாயமான கேள்வி. கொழும்பில் வாங்குபவர் அதை நாய்க்கு விரித்தால் என்ன செய்வது என்று கேட்டார் இன்னொருவர். அதுவும் நியாயம். விலைச்சீட்டில் அந்தச் சாரத்தின் கதையை எழுதினால் இரண்டு மடங்கு விலை கேட்கலாம் என்றும் ஒரு யோசனை வந்தது. அக்கா தலையைத் தூக்கி, "அத எழுத வேணாம்" என்றார்.

நான் சும்ராசரில் கண்ட அம்மாவின் கதையைச் சொன்னேன். அடுக்கின் ஆகக் கீழே இருக்கும் சிவப்புப் போர்வையைப் பற்றி, அதைப் பார்த்துத் தைத்து விற்கும் புதுப் போர்வைகளைப் பற்றி. முடிவு உங்களுடையது அக்கா, விற்பதென்றால் மேசையின் நடுவில் நான் விரிக்கிறேன், விற்காவிட்டால் இதே கோலத்தில் புதிதாக ஒன்று தையுங்கள், முற்பணம் குழுவின் நிதியிலிருந்து தருவோம் என்றேன். அவர் கனநேரம் பேசவில்லை. சாரத் துண்டொன்றில் நூல் பிரிந்திருந்ததை விரலால் அமர்த்திக்கொண்டிருந்தார்.

"மனுசன் வந்து என்ர சாரம் எங்க எண்டு கேட்டா என்ன சொல்லுற?" என்றார் கடைசியில்.

அவரே போர்வையை மடித்துப் பைக்குள் வைத்தார். வைக்குமுன் நாங்கள் அதன் கோலத்தைக் கடதாசியில் கீறி, துண்டுகளின் அளவுகளை எடுத்துக்கொண்டோம். முற்பணமாக 6,000 ரூபாய் கொடுத்தோம். மருதமுனைத் துண்டுகளில் கடும் நீலமும் வெள்ளையும் தெரிந்தெடுத்துக் கொடுத்தோம்.

புதுப் போர்வை சந்தைக்கு மூன்று நாள் முன்பு வந்தது. 70 மணித்தியாலம், 150 ரூபாய்ப்படி 10,500. அவ்வளவு போட்டால் போதும் என்று அவரே சொன்னார். மேல்துணி 1,500, உட்பஞ்சும் அடித்துணியும் 2,000, நூல் 400, போக்குவரத்தும் வாடகையும் 600. எல்லாம் 15,000. விலை 17,000 என்று எழுதினோம். சீட்டில் அவருடைய பெயர், ஊர், தைத்த மணித்தியாலம், கழுவும் முறை, இவ்வளவுதான். குழுவின் எல்லாச் சீட்டுகளும் அப்படித்தான். யுத்தத்தால் பாதிக்கப்பட்டவர், விதவை என்ற சொற்களை நாங்கள் எழுதுவதில்லை. இரக்கப்பட்டு வாங்குபவர் ஒரு தரம்தான் வாங்குவார். நன்றாக உழைக்கிறது என்று கண்டவர் மறுபடி வருவார், இன்னும் இரண்டு பேரையும் கூட்டி வருவார்.

திருத்தி வரவேண்டிய 19இல் 14 திருந்தி வந்தன. ஆக 54 பொருட்களும் அந்தப் போர்வையும் ஆறடி மேசையில். முதல் நாள் போர்வையைப் பலர் தொட்டுப் பார்த்தார்கள், விலை கேட்டார்கள், பிறகு பணப்பை வாங்கிக்கொண்டு போனார்கள். கச்சுத் தலைவி சொன்னபடியே நடந்தது. இரண்டாம் நாள் மத்தியானம் ஒரு கணவனும் மனைவியும் வந்தார்கள். அந்தப் பெண் யாரும் சொல்லாமலே போர்வையைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். விலை பேசாமல் வாங்கினார். மொத்தம் 41 பொருட்கள் விற்றன. மிஞ்சியவற்றில் ஏழு கதிரை விரிப்புகள். அடுத்த தடவை அவற்றைக் குறைப்பதென்று கொப்பியில் எழுதியிருக்கிறோம்.

வாகரை அக்கா அதன் பிறகு அதே கோலத்தில் இன்னும் இரண்டு போர்வைகள் தைத்துத் தந்தார். ஒன்று பச்சையில், ஒன்று மஞ்சளில். நீலத்தில் இனித் தைப்பதில்லை என்று சொல்லிவிட்டார். காரணம் நாங்கள் கேட்கவில்லை.

சகோதரிகளே, உங்கள் ஊரிலும் துணி மூடிய மெசின்கள் இருக்கும். ஐந்து பேர் சேர்ந்தால் போதும். ஒரு பாய், ஒரு வெள்ளைத் துணி, ஓர் அளவுத் தடி, ஒரு கொப்பி. தைத்தவற்றைக் கொண்டு வந்து நடுவில் வையுங்கள். எதை விற்பது என்று பார்க்கும்போதே, எதை விற்பதில்லை என்பதையும் அன்றே பேசி முடிவு செய்துகொள்ளுங்கள். கடன்காரன் வாசலில் நிற்கும் நாளில் அந்த முடிவை எடுப்பது கடினம்.